வேகம் கூடியது, மிஸ்ஸிங்கும் வந்தது
மாற்றியமைத்த ஆர்எக்ஸ் 100 நடுவழியில் விக்கியதேன்?

பெங்களூரு - தும்கூர் நெடுஞ்சாலை. லாரியை முந்தப் பாதி தூரம் போயாகிவிட்டது. எதிரே பஸ். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகிய நேரத்தில் இரண்டு மூன்று முறை விக்கியது இன்ஜின். எப்படியோ லாரிக்குப் பின்னால் ஒதுங்கி உயிர் தப்பினார் அந்த 24 வயது இளைஞர்.

வண்டி, 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் அறிமுகமாகி 1996இல் தயாரிப்பு நின்றுபோன இந்த டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இன்னும் மவுசு குறையவில்லை. 98 சிசி இன்ஜின் தரும் 11 குதிரைத்திறன் போதாது என்பவர்கள் செய்யும் வேலைகளும் பழகியவைதான்: எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்ஸர், பெரிய மெயின் ஜெட், சீவிய சிலிண்டர் ஹெட். இளைஞர் மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தார். கூடவே டேங்குக்கு, மூடி உட்பட, புது பெயிண்ட். (தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஒர்க்‌ஷாப் சந்துகளை இன்னும் எட்டவில்லை.)

பிறகுதான் மிஸ்ஸிங். தினமும் வராது. ஊருக்குள் வராது. மெக்கானிக் முன்னால் நிச்சயம் வராது. ப்ளக், இக்னிஷன் காயில், சிடிஐ என்று வரிசையாக மாற்றியும் பணம்தான் கரைந்தது.

கடைசியில் வண்டி போய் நின்றது ஜே.சி. ரோடு பக்கம் ஒரு முதிய மெக்கானிக்கிடம். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. "நாலு வேலையை ஒன்றாகச் செய்துவிட்டு எது தப்பு என்றால், நான் யாரைக் கேட்பது?" என்று அலுத்துக்கொண்டார். எப்போது வருகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

ஹெட்டைச் சீவினால் அழுத்தம் கூடும். ப்ளக்கில் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். வயரிலோ ப்ளக் கேப்பிலோ விரிசல் இருந்தால் மின்சாரம் அங்கே கசியும். இருட்டில் நீலப் பொறியாகக் கண்ணில் படும். அது ஆக்ஸிலேட்டரைத் திருகிய உடனே காட்டிவிடும் கோளாறு. பெட்ரோல் அதிகமானால் இன்ஜின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும், ப்ளக் கறுக்கும். குறைந்தால் ப்ளக் வெளுக்கும். அவர் பயப்படுவது இதற்குத்தான். பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு இறுகினால் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

இளைஞர் யோசித்துச் சொன்னார்: கால் மணி நேரம் வேகமாகப் போன பிறகே வருகிறது, பங்க்கில் நிறுத்தி பெட்ரோல் போட்டால் சரியாகிவிடுகிறது.

"வண்டி நின்றதால் சரியானதா, மூடியைத் திறந்ததாலா?"

மறுநாள் அதிகாலை, காலிச் சாலையில் இருவரும் கிளம்பினார்கள். விக்கல் வந்ததும் இக்னிஷனை அணைத்து, கிளட்ச்சைப் பிடித்து ஓரங்கட்டி ப்ளக்கைக் கழற்றினால், சுண்ணாம்பு வெளுப்பு. டேங்க் மூடியைத் திறந்ததும் "புஸ்" என்று காற்று உள்ளே போனது. மூடியிலிருந்த காற்றுத் துளையைப் பெயிண்ட் ஏறக்குறைய அடைத்திருந்தது. பழைய ஜெட் குடித்த பெட்ரோலுக்கு அந்த இடுக்கில் நுழைந்த காற்று போதுமாக இருந்திருக்கும். பெரிய ஜெட்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் டேங்கில் வெற்றிடம் உருவாகி, கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் இறங்குவது தடைபட்டது.

ஊசியால் துளையைத் திறக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. ஆனாலும் பெரியவர் விடவில்லை, சிலிண்டரைக் கழற்றச் சொன்னார். பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் நீளவாக்கில் நாலைந்து கீறல்கள். இளைஞர் வெகுநேரம் அதையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.