வயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கலைக்கழக ஊர்

நீர்வளம், நிலவளம், குடிவளம் என்னும் மூன்றையும் கொண்டே ஓர் ஊரின் சிறப்பை நம் முன்னோர் மதித்தனர். இக்காலத்தார் இவற்றோடு வேறு சிலவற்றையும் சேர்த்து, "வாழ்க்கைத் தரம்" என்று பெயரிட்டு வழங்குகின்றனர். காற்று தூயதா, மருத்துவசாலை அண்மையில் உளதா, பிள்ளைகள் எதுவரை படிக்கலாம், மாலைப் பொழுதை எவ்வாறு கழிக்கலாம் என்றெல்லாம் கணக்கிடுகின்றனர். மேனாடுகளிலே கல்லூரி அமைந்த சிற்றூர்களைத் தேடிச் சென்று குடியேறுவோர் பலர். பெருநகரின் நெருக்கடி அங்கே இல்லை. ஆயினும் நூலகமும் விரிவுரையும் விளையாட்டும் இளைஞர் கூட்டமும் அங்கே உண்டு.

அத்தகைய ஊரொன்று நம் கிழக்குக் கரையிலும் இருக்கின்றது. கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறினால், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் தொடர்ந்து வரும். ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குமிடத்தைப் புதியவர் எளிதில் அறிய மாட்டார். நிந்தவூரை அடுத்து வருவது ஒலுவில். கிழக்கே கடல், மேற்கே கல்லோயாவின் நீர் பாயும் நெல் வட்டைகள். இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்திருக்கின்றது இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம்.

இரவல் இடத்தில் பிறந்த கழகம்

இக்கழகம் செழிப்பிலே பிறந்ததன்று, இடரிலே பிறந்தது. 1990ஆம் ஆண்டு வடகிழக்கு முஸ்லிம்களுக்குத் துயர் மிகுந்த ஆண்டாகும். ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுது நின்றோர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் இருந்த பல்கலைக்கழகங்களுக்குச் சென்று படிப்பது முஸ்லிம் மாணவருக்கு அரிதாயிற்று. தமிழ்க் குடும்பங்களும் போரினால் அலைக்கழிந்த காலம் அது. படிப்பை இழந்து நின்ற பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்ற குரல் எழுந்தது.

கல்முனையைத் தம் அரசியற் களமாகக் கொண்ட அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அக்குரலுக்குச் செயல்வடிவம் தந்தார். 1995 அக்டோபரில், அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையின் வளவிலே, தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. சொந்தக் கட்டடம் இல்லை. மாணவர் தொகையும் சிறிது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அது முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னர் ஒலுவிலிலே நிலைகொண்டது. குவைத் நிதியத்தின் உதவியும் கட்டடங்கள் எழத் துணைபுரிந்தது. கலை, வர்த்தகம் எனத் தொடங்கிய கல்வி, இஸ்லாமியக் கற்கை, பொறியியல், தொழினுட்பம் என விரிந்தது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலே இயங்குகின்றது.

ஊர் பெற்ற பேறு

ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடும் இக்கரையிலே, முன்னர் பட்டப்படிப்பு என்றால் பெட்டி கட்டிக்கொண்டு பேராதனைக்கோ கொழும்புக்கோ போவது என்பதே பொருள். ஆண் பிள்ளைகளைத் துணிந்து அனுப்பிய வாப்பாமாரும் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர்.

இக்கரையின் வழக்கமொன்றை இங்கே நினைவுகூர வேண்டும். தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் பெண்ணுக்கே வீடு கொடுப்பது இங்கு மரபு. மணமகன் மணமகளின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். ஒரு மகள் பிறந்தாலே தந்தைக்கு ஒரு வீடு கட்டும் கடமையும் பிறந்துவிடுகிறது. வட்டையில் விளைந்த நெல்லும், வளைகுடா நாடுகளிலே உழைத்த பணமும் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறுகின்றன. மகளுக்கு வீடு வேண்டும் என்று எண்ணிய சமுதாயம், மகளுக்குப் பட்டமும் வேண்டும் என்று எண்ணத் தொடங்கியமை பெரும் மாற்றமன்றோ! காலையில் பஸ் ஏறி, மாலையில் உம்மாவின் கையால் உண்ணத் திரும்பிவிடலாம் என்ற நிலை, எத்தனையோ வீடுகளில் தயக்கத்தின் கதவைத் திறந்திருக்கின்றது.

ஆனால், ஊர்ப்பிள்ளை என்பதற்காக ஊர்க் கழகத்திலே இடம் கிடைத்துவிடாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே இசட் புள்ளியையும் மாவட்டப் பங்கீட்டையும் நோக்கி மாணவரைத் தெரிவு செய்கின்றது. ஆகவே இங்குள்ளோர் வெளியூர் செல்வதும், வெளியூரார் இங்கு வருவதும் இயல்பே. உள்வாரியாக இடம் பெறாதவர்க்கு இக்கழகம் வெளிவாரிப் பட்டப்படிப்பு வாயிலையும் திறந்து வைத்திருக்கின்றது.

தமிழ் மட்டுமே கேட்டுப் பழகிய கடைத்தெருவில் இன்று சிங்களமும் ஒலிக்கின்றது. தென்னிலங்கையின் எங்கோ ஒரு மூலையிலிருந்து வந்த பொறியியல் மாணவன், ஒலுவில் கடையிலே பராட்டா கேட்கின்றான்; கடைக்காரர் அவனுடைய மொழியிலே விலை சொல்ல முயல்கின்றார். போரும் ஐயமும் பிரித்து வைத்த மக்களை, வாடகை அறையும் தேநீர்க் கோப்பையும் சற்றேனும் அருகே கொண்டுவருகின்றன.

மற்றொரு கொடை

ஒலுவிலுக்கு வாய்த்த பெருந்திட்டம் ஒன்று மட்டுமன்று. துறைமுகத் திட்டத்துக்கும் வித்திட்டவர் அஷ்ரப் அவர்களே. 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்திலே அவர் மறைந்தார். பின்னர் டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டம்பரில் துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. கப்பல் வரும், தொழில் பெருகும், கரையெங்கும் செல்வம் கொழிக்கும் என்று மக்கள் நம்பினர்.

நடந்தது வேறு. இக்கரையோரமாகக் கடலலை ஆண்டுதோறும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்லும் இயல்புடையது. கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் அம்மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயிலையும் மூடிற்று. வடக்கே, மணல் வரவு நின்ற கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் சாய்ந்தன. கரைவலை இழுப்போர் நின்று இழுக்கக் கரையில்லாது தவித்தனர். கற்களைக் குவித்துத் தடுப்பிட வேண்டியதாயிற்று. வணிகக் கப்பல்களின் வரவோ கனவாகவே போயிற்று.

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை மறக்காத மக்கள் இவர்கள். இலங்கையிலே மிகுதியான உயிர்களை அன்று பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்திலே நெருங்கி வாழும் மக்களுக்குப் பின்வாங்கிக் குடியேற நிலமில்லை. அவர்களுக்கு ஒரு முழக் கரை போனாலும் போனதே.

ஓர் ஊருக்கு இரண்டு கொடைகள் வாய்த்தன. ஒன்று வேரூன்றிற்று, மற்றொன்று ஊரை அரித்தது. காரணம் யாது? கல்லூரி இரவல் இடத்திலே சிறிதாகத் தொடங்கி, தேவைக்கேற்ப வளர்ந்தது. படிப்பை இழந்த பிள்ளைகளின் தேவையே அதற்கு அடிப்படை. துறைமுகமோ ஒரே மூச்சிலே பெரிதாக எழுந்தது. கரையின் மணல் எங்கிருந்து எங்கே போகின்றது என்பதற்கு உரிய மதிப்பு அங்கே கிடைக்கவில்லை. வாழ்க்கைத் தரம் என்பதைக் கட்டடத்தின் உயரத்தால் அளப்பவர்கள் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதல் நன்று.

மதிலுக்கு இருபுறமும்

கலைக்கழகம் வந்துவிட்டதனாலேயே ஊர் உயர்ந்துவிடும் என்பதுமில்லை. ஆங்கில நாட்டு ஆக்ஸ்போர்ட்டிலே 1355ஆம் ஆண்டு, மதுச்சாலையில் எழுந்த ஒரு வாய்ச்சண்டை, ஊராருக்கும் மாணவருக்கும் இடையே பெருங் கலகமாக மூண்டு, பல உயிர்களைக் கொண்டது. அதற்குக் கழுவாயாக ஊர்த்தலைவர் ஆண்டுதோறும் தண்டம் செலுத்தும் வழக்கம் 1825 வரை நீடித்தது. உலகப் புகழ்பெற்ற கல்வி நகருக்கே ஊரும் கழகமும் ஒத்து வாழக் கற்றுக்கொள்ள நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. ஒலுவில் கழகத்துக்கு இன்னும் நாற்பது வயதும் ஆகவில்லை.

ஊராரிடம் சில கேள்விகள் உண்டு. அறை வாடகைக்கு விடுவோர் மாணவனைப் பிள்ளையாக நோக்குகின்றனரா, வரவாக மட்டும் நோக்குகின்றனரா? தூரத்துப் பெண் பிள்ளைக்கு அந்தி சாய்ந்தபின் நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழி அச்சமற்றதாக இருக்கின்றதா? மொழி வேறான மாணவனைப் பெருநாளன்று உணவுக்கு அழைக்கும் வீடுகள் எத்தனை?

கழகத்தாரிடமும் கேட்க வேண்டும். கரையரிப்பைப் பற்றிய ஆய்வு, மீனவர் படித்துணரும் தமிழிலே அவர்கள் கைக்குச் சேர்கின்றதா? மருதமுனையின் கைத்தறிச் சாறன்களுக்குப் புதிய சந்தை தேட வணிகம் படிப்போர் உதவலாகாதா? பொதுமக்கள் கேட்கத்தக்க விரிவுரை மாதத்துக்கு ஒன்றேனும் கல்முனையிலே நிகழலாகாதா? பட்டம் பெற்றவர் அனைவரும் கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்விட்டால், அறிவை விதைத்த ஊருக்கு அறுவடை ஏது?

பெருநகரில்தான் பேரறிவு பிறக்கும் என்பதில்லை. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்தது ஒலுவிலுக்கு அண்மையிலுள்ள காரைதீவிலேதான். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவர். அக்காலத்தில் இக்கரையின் அறிவு கரையை விட்டுப் போய்த்தான் ஒளிர வேண்டியிருந்தது. இன்று கரையிலேயே கழகம் இருக்கின்றது.

ஆகவே பெற்றோரே, விடுமுறை நாளொன்றிலே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒலுவிலுக்குச் சென்று வாருங்கள். பல்கலைக்கழகத்தின் வாயிலையும் காட்டுங்கள். கடல் அரித்த கரையையும் காட்டுங்கள். மாணவரே, இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சிறிதே. அங்கே கற்கும் கல்வியால் இங்கே ஒரு முழக் கரையேனும் காக்கப்படும் நாளில், இவ்வூர் மக்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்று நாம் துணிந்து சொல்லலாம்.