மலைச்சரிவில் மரமும் பயிரும்

சரிவான புன்செய் நிலங்களை மேலிருந்து கீழாக உழும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவ்வாறு உழுத ஒவ்வொரு சாலும் மழைநாளில் ஒரு வாய்க்காலாகி, மேல்மண்ணை ஓடையிற் சேர்க்கின்றது. விதையும் எருவும் அம்மண்ணோடு போகின்றன. விளைச்சல் குறையக் கண்ட குடியானவர் எருவைக் கூட்டுகிறார். போகும் மண்ணைத் தடுப்பாரில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில், சரிவுகளில் மக்காச்சோளம் பயிரிட்டு வந்தோருக்கும் இக்கஷ்டமே நேர்ந்தது. அங்கே பன்சாலன் என்னும் ஊரையடுத்த பாப்டிஸ்ட் கிராமவாழ்வு நிலையத்தில், ஹரால்டு வாட்ஸன் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் 1970-களில் இதற்கொரு முறை கண்டனர். அதன்பொருட்டு வாட்ஸனுக்கு 1985-ல் மகசேசே பரிசு அளிக்கப்பெற்றது.

அம்முறையாவது: முதலில் சரிவின் குறுக்கே மட்டக்கோடுகள் குறித்தல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. ஆறடிக் கழிகள் இரண்டை உச்சியிற் பிணைத்து, கால்களை அகற்றி, இடையே ஒரு குறுக்குக் கழியைக் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுக. கால்கள் நிற்கும் இரண்டிடங்களிலும் முளையடித்து, குறுக்குக் கழியிற் கயிறு படும் இடத்தைக் குறிக்க. பின் கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் குறிக்க. இவ்விரு குறிகளின் நடுவிடமே மட்டக்குறி. சரிவில் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்தி, கயிறு மட்டக்குறியில் நிற்குமிடந்தோறும் முளையடித்துச் செல்க.

கோடுகள் 4 அல்லது 5 மீட்டர் இடைவெளியில் அமையலாம். சரிவு மிகுந்தால் நெருங்கியிருத்தல் நன்று. கோடுதோறும் அரை மீட்டர் இடைவிட்டு, தழைமர விதைகளை இரட்டை வரிசையாக நெருக்கி விதைக்க. இவ்வேலி திடப்படும் வரை ஒன்றுவிட்டு ஒரு பட்டையையே உழுக. உழாத பட்டை மேலிருந்து வரும் மண்ணைத் தாங்கும். பின்னர் மூன்றிலொரு பட்டையில் காப்பி, எலுமிச்சை, வாழை போன்ற நிலைப்பயிர்களையும், ஏனையவற்றில் தானியத்தையும் பயறுவகைகளையும் மாற்றி மாற்றி இடலாம். வேலி ஒரு மீட்டருக்கு மேல் உயராதவாறு, மாதம் ஒன்று அல்லது ஒன்றரைக்கு ஒருமுறை கழித்து, தழையைப் பயிரடியிற் பரப்புக. நாளடைவில் வேலியின் மேற்புறம் மண் தேங்கி, நிலம் தானே படிப்படியாய் மட்டமாகும்.

இதில் பிரதிகூலமும் உண்டு. வேலி நிற்குமிடத்தில் தானியம் விளையாது; கழிக்க ஆள் வேண்டும். கழிக்காத வேலி பயிருக்கு நிழலாகி, மண்ணிலுள்ள ஈரத்துக்கும் போட்டியிடும். தவறாது கழிக்க இயலாதவர் தொடங்காதிருத்தலே நன்று.

ஒரே மரத்தை நம்புதலும் தவறு. மிண்டனாவோவில் முதலில் சவுண்டலையே பெரிதும் வைத்தனர். 1980-களின் நடுவில் தளிரின் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறுபூச்சி பரவி அவ்வேலிகளைக் கெடுத்தது. அதன்பின் கிளைரிசிடியா முதலான பலவற்றைக் கலந்து வைத்தனர். 1988-ல் அப்பூச்சி தமிழ்நாட்டிலும் காணப்பட்டமையால், நாமும் கலந்து வைத்தலே தகும்.

மேல்நிலத்து வெள்ளம் கீழ்நிலத்தில் இறங்குவதாகையால், மேல்நிலத்தார் முதலில் தொடங்குதல் முறை. கிராம உத்தியோகஸ்தர்கள் ஒரே சரிவிலுள்ள நிலக்காரர்களை ஒருங்கு கூட்டி இதனை எடுத்துரைத்தல் பேருதவியாகும். முதல் ஆண்டில் கால் ஏக்கர் போதும். மழைக்குமுன் கோடு குறித்து, மழையோடு விதைத்து, வேலியின் மேற்புறம் தேங்கும் மண்ணைத் தாமே கண்டறிந்து, பிறகு விரிவாக்குக.