மாரிகாலத்தில் இயங்க மறுக்கும் நீரிறைக்கும் இயந்திரம்

வடகீழ்ப் பருவக்காற்று மழை பெய்யுங் காலத்தில், தோட்டத்துக்கு நீர் இறைப்பதற்கென வாங்கிய இயந்திரமே தோட்டத்தில் தேங்கிய நீரை வெளியேற்றவும் வேண்டப்படுகின்றது. வெங்காயப் பாத்தியிலும் மிளகாய் நாற்றுமேடையிலும் நீர் நிற்குமாயின் வேர்கள் காற்றின்றி அழுகத் தொடங்கும். அவ்வேளையில், முதல் நாள் மாலை குறைவின்றி ஓடிய இயந்திரம், இரவு முழுவதும் தூறிய பின் காலையில் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் இயங்க மறுப்பதுண்டு. உடனே காபியுரேற்றரைக் கழற்றத் தொடங்குவது பலருடைய வழக்கம். இது பெரும்பாலும் வீண் வேலையாகும். நன்றாக ஓடிய உறுப்புகள் ஓய்ந்திருந்த ஒரே இரவில் பழுதடைவது அரிது. அந்த இரவில் மாறியது ஈரமே. ஆதலால் ஈரம் எங்கே சேர்ந்துள்ளது என்பதையே கமக்காரர் முதலில் தேட வேண்டும்.

பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் சிறிய இயந்திரங்களில், எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை மின்பொறியே கொளுத்துகின்றது. பிளக்கின் முனைகளுக்கு இடையிலுள்ள வெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவானது. எனினும், உருளையில் நெருக்கப்பட்ட காற்றை ஊடறுத்துப் பொறி பாய்வதற்குப் பல ஆயிரம் வோல்ற்று வேண்டும். அத்தகைய மின்சாரம் எளிதான வழி கிடைத்தால் அவ்வழியே சென்றுவிடும். பிளக்கின் வெண்பீங்கான்மேல் தூசியும் எண்ணெய்ப் பசையும் படிந்து, அவற்றை ஈரமும் நனைத்தால், மின்சாரம் முனையை அடையாது இயந்திரத்தின் உடலுக்குக் கசிந்துவிடும். கடற்கரையை அடுத்த ஊர்களில் உப்புக்காற்றினால் இக்குறை இன்னும் மிகும். பிளக்குக்கு வரும் வயரின் றப்பர் உறையில் வெடிப்பு இருப்பினும் இதுவே நிகழும். இருட்டில் ஒருவர் கயிற்றை இழுக்க மற்றவர் கவனித்தால், கசியும் இடத்தில் நீலநிற மினுக்கத்தைக் காணலாம். வயரைத் தொடலாகாது.

எரிபொருட் குழாயை மூடி, வயரையும் அதன் தொப்பியையும் உலர்ந்த பருத்தித் துணியால் உள்ளும் புறமும் துடைத்த பின், பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றியவுடன் அதனைத் துடைத்துவிடாது நன்கு பார்க்க வேண்டும். முனை எரிபொருளால் நனைந்திருந்தால், எரிபொருள் வருகின்றது, பொறியே இல்லை என்பது பெரும்பாலும் துணிபு. முனை உலர்ந்திருந்தால் எரிபொருள் வரும் வழியை ஆராய வேண்டும். காற்று வடிகட்டி மழையில் நனைந்திருந்தாலும் இயந்திரம் மூச்சுத் திணறும்.

நனைந்த பிளக்கைத் துடைத்து, வெயில் இல்லையேல் அடுப்பருகே சூடான தகட்டில் வைத்து உலர்த்தலாம். பிளக்கை அடுப்புக்குக் கொண்டு செல்லலாமேயன்றி, நெருப்பை இயந்திரத்தின் அருகே ஒருபோதும் கொண்டு வரலாகாது. பிளக் துவாரத்தினுள் பெற்றோல் ஊற்றி இழுக்கும் பழக்கமும் தீது. அது உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும், தீப்பற்றவுங் கூடும்.

மண்ணெண்ணெய் இயந்திரத்தில் இன்னுமொரு காரணம் உண்டு. மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவேதான் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின் மாற்றுகின்றோம். மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால் காபியுரேற்றர்க் கிண்ணத்தில் அதுவே எஞ்சியிருக்கும். கோடையில் எப்படியோ இயங்கிவிடும் இயந்திரம் கூதற் காலையில் இயங்காது. மாலையில் நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றி ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் இத்தொல்லை இல்லை. இதற்குச் செலவாகும் பெற்றோல் மிகச் சொற்பம்.

பாதி வெறுமையான தாங்கியினுள் இரவில் ஈரம் வியர்த்து நீராகிக் கீழே தங்கும். கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்தி, வடியும் எரிபொருளைக் கண்ணாடிப் போத்தலில் ஏந்திச் சிறிது நேரம் வைத்தால், நீர் அடியில் வேறாகப் பிரிந்து தெரியும். நீர் முற்றாகப் போகும்வரை வடித்துவிட வேண்டும். இருசில்லு உழவு இயந்திரங்களுள் டீசலில் ஓடுவனவற்றுக்குப் பிளக் இல்லை. ஆயினும் நீர் கலந்த எரிபொருள் அவற்றையும் நிறுத்தும்.

வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்தின் நிலை வேறு. அதன் கயிற்றை இழுக்கவே கூடாது. நீர் காற்றைப்போல் நெருங்காது. உருளையில் நீர் இருக்க வலிந்து சுழற்றினால் உள்ளுறுப்புகள் வளையும். முதலிற் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, அடியிலுள்ள எண்ணெயையும் பார்க்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதனை வடித்துப் புதிய எண்ணெய் இடும்வரை இயக்கலாகாது.

இயந்திரத்தைப் பொலித்தீனால் இறுகச் சுற்றி வைப்பது ஈரத்தை உள்ளேயே அடைப்பதாகும். கற்களின்மேல் பலகை இட்டு, நிலத்திலிருந்து உயர்த்தி, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள சிறு கொட்டிலில் வைத்தல் நன்று. சூடு ஆறிய பின்னரே சாக்கினால் மூட வேண்டும். அச்சாக்கும் உலர்ந்ததாக இருக்க வேண்டும்.