பந்தய வீரருக்கும் வயிற்றைக் கலக்கும்

பந்தயம் தொடங்கச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. எஞ்சின்கள் உறுமுகின்றன, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்த நேரத்தில் உயரமான, பொன்னிறத் தலைமுடிக்கார வீரர் ஒருவர் ஓரமாக ஒதுங்கிப் போய்க் குனிந்து வாந்தி எடுக்கிறார். வாயைத் துடைத்துக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, காருக்குள் இறங்கி உட்கார்கிறார். சற்று நேரத்தில் மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கிறார்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஹண்ட். இங்கிலாந்துக்காரர். 1976ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன். பந்தயத்துக்கு முன்னால் வாந்தி எடுப்பது அவருக்கு வழக்கமாகவே இருந்தது.

தேர்வு அறைக்குள் நுழையும்போது உங்களுக்கு வயிறு என்னவோ செய்யும் அல்லவா? "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்று பாட்டி சொல்வாரே, அதேதான் இது. உலகச் சாம்பியனின் வயிற்றிலும் கரைந்தது அந்தப் புளிதான்.

அது ஏன் வயிற்றில் போய்க் கரைய வேண்டும்? பயப்படுவது மூளைதானே?

மூளைக்குள், இரண்டு பக்கமும், பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அதற்குப் பட்டால் போதும், உடனே செய்தி கிளம்பும். சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் வைத்தது போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாக அடிக்கும். கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே விடும். ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாயும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயார்!

அவ்வளவு ரத்தம் தசைக்குப் போனால் வேறு எங்கோ குறையத்தானே வேண்டும்? குறைவது இரைப்பையிலும் குடலிலும். புலி துரத்தும்போது காலையில் தின்ற இட்லி செரித்தால் என்ன, செரிக்காவிட்டால் என்ன? இரைப்பை தன் வேலையைப் பாதியில் நிறுத்துகிறது. உள்ளே இருப்பது நகராமல் கிடக்கிறது, குமட்டுகிறது. சிலருக்கு அது வாந்தியாகவே வந்துவிடும். உமிழ்நீரும் சுரக்காது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். காருக்குள் உட்கார்ந்திருக்கும் பந்தய வீரரின் இதயம் நிமிடத்துக்கு 160, 170 முறைக்கு மேலும் துடிக்கும். ஓடிக் களைத்தவரின் துடிப்பு அது, உட்கார்ந்த இடத்திலேயே!

வாந்தி வருவதும் கை நடுங்குவதும் கோழைத்தனத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பு ஒரு பெரிய வேலைக்குத் தயாராகிறது, அவ்வளவுதான். ஹண்டும் வாந்தி எடுத்ததற்காக ஒரு நாளும் வண்டியை விட்டு ஒதுங்கவில்லை.

1976இல் அவருக்குப் போட்டியாக இருந்தவர் நிக்கி லாடா. ஆஸ்திரியாக்காரர். 1975இன் சாம்பியன். ஹண்ட் ஓட்டியது மெக்லாரன், லாடா ஓட்டியது ஃபெராரி. இருவரையும் பகைவர்களைப் போலப் பலர் எழுதினார்கள். உண்மையில் அவர்கள் நண்பர்கள். ஆனால் குணத்தில் எண்ணெயும் தண்ணீரும். ஹண்ட் உணர்ச்சிவசப்படுபவர், சட்டென்று கோபிப்பவர். லாடா எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்.

ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்ற பந்தயத் தடம் இருக்கிறது. அப்போது அதில் ஒரு சுற்று கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். காட்டுக்கும் மலைக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும். அவ்வளவு நீளத் தடத்தில் எங்காவது கார் தீப்பிடித்தால் உதவி போய்ச் சேரவே நேரமாகும். அதனால் இங்கே பந்தயம் வேண்டாம் என்று மற்ற வீரர்களிடம் லாடா வாதாடினார். வாக்கெடுப்பில் தோற்றுப்போனார்.

1976 ஆகஸ்ட் 1. இரண்டாவது சுற்றில் லாடாவின் கார்தான் தடத்தை விட்டு விலகி மோதித் தீப்பிடித்தது. பின்னால் வந்த சக வீரர்கள் காரை நிறுத்தி, தீக்குள் கைவிட்டு அவரை வெளியே இழுத்தார்கள். இத்தாலியின் அர்துரோ மெர்ஸாரியோ இருக்கைப் பட்டையைக் கழற்றினார். லாடாவின் முகமும் தலையும் வெந்திருந்தன. நச்சுப் புகை நுரையீரலைக் கெடுத்திருந்தது. பிழைக்கமாட்டார் என்று நினைத்து, மருத்துவமனைக்குப் பாதிரியாரை வரவழைத்து மரணப் படுக்கையில் சொல்லும் ஜெபத்தையும் சொல்லவைத்துவிட்டார்கள்.

ஆனால் 42ஆவது நாள், செப்டம்பர் 12 அன்று, இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் அவர் மறுபடி காரில் உட்கார்ந்திருந்தார்.

பயமே இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்று செய்தியாளர்களிடம் சொன்னார் லாடா. அது பொய் என்று பிற்காலத்தில் தாமே எழுதினார். முதல் நாள் பயிற்சியில் பயத்தில் உடம்பு விறைத்துப்போனதாம், ஓட்டவே முடியவில்லையாம்.

இந்த இடத்தில் ஒரு எலிக் கதை சொல்ல வேண்டும். 1908இல் அமெரிக்காவில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி என்று இரண்டு. கறுப்புக்குள் நுழைந்தால் மின்சாரம் தாக்கும். எலி எத்தனை நாளில் சரியான பெட்டியைக் கற்றுக்கொள்கிறது என்று எண்ணினார்கள். இரண்டு பெட்டிகளின் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, தாக்குதல் கூடக் கூட எலி சீக்கிரம் கற்றது. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தபோது கதை மாறியது. தாக்குதல் மிகக் குறைவாக இருந்தாலும் கற்கத் தாமதம், மிக அதிகமாக இருந்தாலும் தாமதம். நடுத்தரமாக இருந்தபோதுதான் எலி நன்றாகக் கற்றது.

மனிதர்களும் ஏறக்குறைய இப்படித்தான். கொஞ்சம் படபடப்பு இருந்தால் கவனம் கூர்மையாகும். அது அளவு மீறினால், யோசித்து முடிவெடுக்கும் முன்மூளையின் வேலை தடுமாறும். தெரிந்த விடையும் மறந்துபோகும். வேலை எவ்வளவு கடினமோ, அவ்வளவு சீக்கிரம் இந்தத் தடுமாற்றம் வரும். ஆறாத புண்ணோடு ஃபெராரி ஓட்டுவதை விடக் கடினமான வேலை எது?

லாடா என்ன செய்தார் தெரியுமா? வேலையைச் சின்னதாக்கினார். மோன்ஸாவில் மறுநாள், வேகத்தைப் பற்றி நினைக்காமல், சும்மா ஓட்டிப் பார்ப்பது போல மெதுவாக ஆரம்பித்தார். உடம்புக்குப் பழைய பழக்கம் திரும்பியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினார். தகுதிச் சுற்றில் அவருக்கு ஐந்தாம் இடம். அன்று ஓடிய மூன்று ஃபெராரிகளில் முன்னால் நின்றது அவருடையதுதான். பந்தயத்தில் நான்காவதாக வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றியபோது உள்ளே இருந்த கட்டுத்துணி ரத்தத்தில் நனைந்திருந்தது.

கடைசிப் பந்தயம் ஜப்பானில், ஃபுஜி மலை அடிவாரத்தில், அக்டோபர் 24 அன்று. அந்த ஆண்டில் அதுவரை சேர்ந்தது லாடாவுக்கு 68 புள்ளி, ஹண்டுக்கு 65. மூன்றே மூன்று புள்ளி வித்தியாசம். அன்று பார்த்து மழை கொட்டியது. தடத்தில் தண்ணீர் ஆறாக ஓடியது. முன்னால் போகும் கார் கிளப்பும் சாரலில் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. லாடாவின் இமைகள் வெந்திருந்ததால் அவரால் சரியாகக் கண் சிமிட்டவும் முடியவில்லை.

இரண்டு சுற்று ஓட்டிவிட்டு லாடா காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். எஞ்சின் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றார் ஃபெராரியின் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி. லாடா ஒப்புக்கொள்ளவில்லை. இந்த மழையில் ஓட்டுவது ஆபத்து, அதனால் நிறுத்தினேன் என்று உள்ளதைச் சொன்னார். முன்னாள் சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டியும் அன்று தாமாகவே விலகினார்.

ஹண்ட் ஓட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் முதலிடத்தில் இருந்தார். மழை விட்டுத் தடம் காய ஆரம்பித்ததும், ஈரத்துக்கான டயர்கள் தேய்ந்து ஒன்று காற்றிழந்தது. டயர் மாற்றிவிட்டு வந்தால் ஐந்தாம் இடம். இன்னும் சில சுற்றுகளே பாக்கி. கையில் இருந்தது நழுவிப்போன அந்த நேரத்திலும் அவர் விட்டுவிடவில்லை. இரண்டு பேரை முந்தி மூன்றாவதாக முடித்தார். தான் எத்தனையாவது என்றுகூட அவருக்குத் தெரியாது. தோற்றுவிட்டோம் என்று நினைத்துக் காரிலிருந்து இறங்கி அணித் தலைவர் டெடி மேயரிடம் கத்தினார். மூன்றாம் இடத்துக்கு 4 புள்ளி. மொத்தம் 69. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவர்தான் உலகச் சாம்பியன்!

இருவரில் யார் அழுத்தத்தைச் சரியாகக் கையாண்டார் என்று கேட்டால், அன்றைக்கு இருவருமே என்பேன். ஆனாலும் என் மனம் லாடா பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்கிறது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்துகிறேன் என்று சொல்ல, முன்மூளை மிகத் தெளிவாக வேலை செய்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே, 1977இல், அவர் மறுபடி சாம்பியன் ஆனார். 1984இல் மூன்றாம் முறை, அதுவும் அரைப் புள்ளி வித்தியாசத்தில்!

இனி உங்களுக்கு ஒரு சோதனை. இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்துங்கள். நாடி தட்டும். இப்போது மூச்சை மெதுவாக இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று வேகமாகவும், விடும்போது நிதானமாகவும் தட்டுவது விரலுக்கே தெரியும். பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் என்ற நரம்பு, மூச்சை விடும்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. அதனால்தான் பயமாக இருக்கும்போது நீளமாக மூச்சு விடச் சொல்கிறார்கள்.

அடுத்த முறை மேடையில் பேசவோ ஓட்டப் பந்தயத்தில் நிற்கவோ போகும்போது, வயிற்றில் புளி கரைய ஆரம்பித்ததும் நாடியைத் தொட்டு ஒரு நிமிடத் துடிப்பை எண்ணுங்கள். பிறகு மூச்சை நீளமாகப் பத்து முறை விட்டுவிட்டு மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வையுங்கள்.