கேபினுக்குள் கரியடுப்பு

2024 டிசம்பர் 23 அன்று, கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டித் தளத்தில் இருந்த ஓட்டை வழியே உள்ளே ஏறியிருந்தது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தபோது, இரண்டே மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு 957 பிபிஎம் வரை போனது. அதே ஆண்டு ஆகஸ்டில், கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன திருச்சி இளைஞர்கள் இருவர் பார்பெக்யூ கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். காலையில் எழவில்லை.

இது சொகுசு வண்டிக்காரர்களின் கவலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையிலும் எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்திலும் காத்துக் கிடக்கும் டிரைவருக்கு, கன்டெய்னர் லாரியின் கேபின்தான் படுக்கை, சமையல்கட்டு எல்லாம். இங்கே புழுக்கம். அதே லாரி லோடு ஏற்றிக்கொண்டு ஜனவரியில் நாக்பூரைத் தாண்டினால், கண்ணாடியைத் தொட முடியாத குளிர். அப்போதுதான் ஒரு தகர டப்பாவில் கரி கேபினுக்குள் வருகிறது.

கரி புகையாமல் கனன்றால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அதுதான் கொல்லும் நிலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், கை கால் அசதி. டிரைவர் அதை ராத்திரி ஓட்டிய களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுவார். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் போதும் என்பதும் தவறு.

கேபினைச் சூடாக்குவதைவிட உடம்பைச் சூடாக வைப்பது எளிது. குளிர் கீழிருந்துதான் ஏறும். கம்பளியை மேலே அடுக்குவதற்கு முன், சீட்டின் மேல் தடிமனான ஃபோம் விரிக்க வேண்டும். தாபாவில் வெந்நீர் வாங்கி ரப்பர் பையில் ஊற்றிக் காலடியில் வைக்கலாம். கண்ணாடிக்கு அட்டையோ கனத்த திரையோ ஓரளவு குளிரைத் தடுக்கும். பழைய வேனைக் கேரவனாக மாற்றி ஊட்டிக்குப் போகிறவர்கள் டீசல் ஹீட்டர் போடுவதானால், எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் வகை மட்டுமே சரி. புகைக்குழாய் வண்டியின் அடியிலேயே முடியக் கூடாது. படுக்கும் உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம். காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய வோக்ஸ்வாகன் வேன்களில், எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்த காற்றுதான் ஹீட்டருக்கு வரும். அந்தக் கூடு துருப்பிடித்தால் புகையும் கூடவே உள்ளே வரும். காஸ் அடுப்பும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் ஆகியிருக்கிறது. நல்ல விதி. ஆனால் நிற்கும் வண்டியில் ஏ.சி. ஓட எஞ்சின் ஓட வேண்டும், எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தால் ஆபத்து அப்படியே இருக்கிறது. டிரைவர் நெருப்பையும் எஞ்சினையும் நம்பிக் கேபினில் படுப்பது அவர் விருப்பத்தால் அல்ல. இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்று 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. லாரி வரிசையைப் பார்த்தால் அது எங்கே நடந்தது என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவுகளைத் திறந்து, வெளியே இழுத்துப் போட்டு, 108ஐ அழைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்பக் கூடாது. அந்தக் கருவி இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே எண்ணும். ராயபுரம் பக்கம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய், “மூடிய வண்டியில் அடுப்பு எரிந்தது, கார்பன் மோனாக்சைடு பாருங்கள்” என்று டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள். சிகிச்சை முழு ஆக்சிஜன்தான்.

உயிர் போய்விட்டால் பிரேதப் பரிசோதனையில் ரத்தத்தில் இந்த வாயுவின் அளவைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். “தூக்கத்தில் மாரடைப்பு” என்று கோப்பை மூடிவிட்டால் குடும்பத்தின் வழக்கு அங்கேயே பலவீனப்படும். வேலையின்போது நேர்ந்த மரணத்துக்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அல்லது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்கு 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நின்ற வண்டி ‘பயன்பாட்டில்’ இல்லை என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதிட்டால், நிற்கும் வண்டியும் பயன்பாட்டில் உள்ளதாகலாம் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் ஒரு டேங்கர் வழக்கில் சொன்னதை வக்கீலுக்கு நினைவூட்டுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் இலவசமாக உதவி கேட்கலாம்.