முதல் ஆளுக்கு என்ன வேலை?

என்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. "அண்ணா, ஃபேஸ்புக் மாதிரி ஒரு வெப்சைட் செய்யப் போகிறோம். எந்த லாங்குவேஜ் நல்லது, எந்த டேட்டாபேஸ் நல்லது?" எதில் வேண்டுமானாலும் செய்யலாம். ஃபேஸ்புக்கே பிஎச்பியில்தான் தொடங்கியது. நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் தளத்துக்கு முதலில் வரும் அந்த ஒரே ஒரு ஆளுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது?

முதல் நாள் எந்தத் தளத்திலும் கூட்டம் இருக்காது. நண்பர்கள் பட்டியல் காலியாக இருக்கும். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், மறுபடி வரமாட்டார். இதைத் தாண்டிய தளங்களில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டெலிஷியஸ். 2003ல் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் தொடங்கியது. அப்போது நாம் ப்ரௌசரில் சேமிக்கும் புக்மார்க்குகள் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும். அலுவலகத்தில் சேமித்ததை வீட்டில் பார்க்க முடியாது. டெலிஷியஸில் சேமித்தால் எங்கிருந்தும் பார்க்கலாம். ஒவ்வொரு முகவரிக்கும் 'சமையல்', 'லினக்ஸ்' என்று நமக்குப் பிடித்த சொற்களை டேக் ஆகக் கொடுக்கலாம். இதற்கு நண்பர் ஒருவர்கூடத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

பலர் இப்படித் தங்கள் வசதிக்காகச் சேமிக்கச் சேமிக்க, இன்னொரு பலன் தானாக வந்தது. நீங்கள் சேமித்த அதே பக்கத்தை வேறு எத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள், என்ன டேக் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் வேறு என்னென்ன சேமித்திருக்கிறார்கள் என்று பார்க்க முடிந்தது. 'ஊருக்கு உழையுங்கள்' என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. 2004ல் வந்த ஃப்ளிக்கரும் இதே ரகம்தான். அங்கே புக்மார்க்குக்குப் பதில் போட்டோ.

இதற்கு நேர் எதிர் ஃப்ரெண்ட்ஸ்டர். 2002ல் தொடங்கிய இத்தளத்தில் நண்பர்கள்தான் எல்லாமே. நண்பரின் நண்பர், அவருக்கு நண்பர் என்று சங்கிலி எங்கே போகிறது என்று காட்டுவதுதான் இதன் கவர்ச்சி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 50 நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் 2,500 பேர். மூன்றாம் சுற்றில் 1,25,000. நான்காம் சுற்றில் 62,50,000! பொதுவான நண்பர்களைக் கழித்தாலும் சர்வர் படும் பாடு கொஞ்சமல்ல. பக்கங்கள் திறக்கவே நேரம் பிடித்தது. அமெரிக்காவில் பலரும் பொறுமையிழந்து மைஸ்பேஸ் பக்கம் போனார்கள். நண்பர் போனால் அவரைப் பார்க்க வந்தவரும் போவார். அவருக்கென்று அங்கே வேறு வேலை இல்லையே!

சரி, ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடவே குறும்பு செய்பவர்களும் வருவார்கள். பாஸ்வேர்டு, அனுமதி என்று கதவை இறுக்குவதுதான் பலருக்கும் தோன்றும் வழி. 2001ல் தொடங்கிய விக்கிபீடியா இதை வேறு மாதிரி யோசித்தது. பெரும்பாலான பக்கங்களை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிறது. ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு கட்டுரையைக் கெடுத்தால், மற்றொருவர் இரண்டு க்ளிக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். கெடுப்பவனுக்குத்தான் அலுப்புத் தட்டும். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிபீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையின் வரலாற்றைத் திறந்து பாருங்கள், இந்த இழுபறி வரி வரியாகத் தெரியும்.

கடைசியாக, பெரிய நிறுவனங்களே கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர் போட்ட சரக்கு யாருடையது? டெலிஷியஸை 2005ல் யாஹூ வாங்கியது. 2011ல் வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. அங்கே தளத்தை மாற்றி அமைத்தபோது பழைய வசதிகள் சில காணாமல் போக, பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். மேலும் சில கைகள் மாறி, 2017ல் அதன் போட்டித் தளமான பின்போர்டிடம் வந்தபோது புதிதாகச் சேமிப்பது நிறுத்தப்பட்டது. ஃப்ரெண்ட்ஸ்டர் 2011ல் விளையாட்டுத் தளமாக மாறியபோது உறுப்பினர்களின் பழைய போட்டோக்களை நீக்கியது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30ல் மூடப்பட்டபோது போட்டோக்களை இறக்கிக்கொள்ள கூகுள் அவகாசம் கொடுத்தது. ஆனால் அதைச் செய்யாதவர்கள் எத்தனையோ பேர். என் அண்ணனின் கல்லூரிப் படங்கள் பாதி அதோடு போய்விட்டன.

ஃப்ளிக்கரும் கைமாறிய தளம்தான். யாஹூவிடம் இருந்து, 2018ல் ஸ்மக்மக் நிறுவனத்துக்கு வந்தது. அடுத்த வருடமே இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் என்று வரம்பு விதித்தார்கள். உங்களுக்கு அங்கே கணக்கு இருந்தால் லாகின் செய்து செட்டிங்ஸ் பகுதிக்குப் போங்கள். உங்கள் டேட்டாவைக் கேட்டுப் பெறும் வசதி அங்கே இருக்கிறது. வேண்டுகோள் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், படங்கள் ஜிப் ஃபைல்களாகத் தயாராகும். இறக்கியவுடன் ஒரு பிரதியை வேறு ஹார்ட் டிஸ்கிலும் போட்டு வையுங்கள்.