படகு வாங்குமுன் எண்ணுக!

குடும்பத் தலைவன் ஒருவன் தன் வாழ்நாளில் பெருந்தொகை கொடுத்து வாங்கும் தொழிற்கருவிகள் ஒன்றோ இரண்டோதாம். உழவனுக்கு ஏர்மாடு, நெசவாளிக்குத் தறி, நீரை நம்பி வாழ்பவனுக்குப் படகு. கருவி வீட்டுக்கு வந்த நாளன்று குருவானவரை அழைத்து மந்திரித்து, சுற்றத்தார்க்கு இனிப்பு வழங்கி மகிழ்கிறோம். ஆனால் அக்கருவி குடும்பத்தைத் தாங்குகிறதா, அன்றிக் குடும்பமே அக்கருவியைத் தாங்கித் தவிக்கிறதா என்பது ஓராண்டு சென்ற பின்னரே புலப்படும்.

காவிரிக் கரையிலும், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரங்களிலும் மீன் பிடித்து வாழும் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "தகப்பன் காலத்துப் பரிசலே போதுமா? இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகு ஒன்று வாங்கிவிடலாமா?" இளைஞர் வாங்க வேண்டும் என்பர், முதியோர் வேண்டாம் என்பர். இருசாரார் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆகவே இதனை வயதின் வழக்காகக் கொள்ளாது, ஆற்றின் இயல்பையும் வீட்டின் நிலையையும் கொண்டு தீர்த்தலே முறை.

பரிசல் என்னும் பழங்கருவி

பரிசலை எளிய கூடை என்று இகழ்வோர் அதன் வரலாற்றை அறியாதவர். மூங்கிலைப் பிளந்து வட்டமாகப் பின்னி, வெளிப்புறத்தில் எருமைத்தோல் போர்த்தி அதனைச் செய்தனர் முன்னோர். 16-ஆம் நூற்றாண்டில் விசயநகரத்திற்கு வந்த தோமிங்கோ பயசு என்னும் போர்ச்சுகீசியர், துங்கபத்திரை ஆற்றை மக்கள் இத்தகைய வட்டப் படகுகளில் கடந்ததைக் கண்டு எழுதிவைத்துள்ளார். இந்நாளில் தோலுக்கு மாறாகப் பிளாஸ்டிக் விரிப்பு வந்துவிட்டது. அதன்மேல் தார் பூசுகின்றனர். மூங்கிலே இல்லாத ஃபைபர் பரிசல்களும் வழக்கத்திற்கு வந்துள்ளன.

பரிசலின் சிறப்புகள் மூன்று. முதலாவது, அதன் அடிப்பகுதி நீரில் ஆழமாக இறங்குவதில்லை. முழங்கால் அளவு நீரிலும் பாறைகளின் மேலாகச் சென்றுவிடும். இரண்டாவது, அதற்கு எரிபொருள் தேவையில்லை. ஒற்றைத் துடுப்பே போதும். மூன்றாவது, கரை சேர்ந்ததும் ஓர் ஆளே அதனைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. அடிமரமும் கூர்முனையும் அற்ற வட்ட வடிவமாதலால் பரிசல் சுழலும். நேர்வழியில் செலுத்தப் பழக்கம் வேண்டும். காற்று வலுத்தால் அது இழுத்த இழுப்புக்குச் செல்லும். மூங்கில் நாளடைவில் உளுத்துப்போகும், தாரும் உரியும். தொலைவில் வலை விரித்தவன், துடுப்பு வலித்துத் திரும்புவதற்குள் தோள் சோர்ந்துவிடுவான். இந்தச் சோர்வை அறிந்த மகன் இயந்திரப் படகை நாடுவதில் வியப்பென்ன?

போவது எளிது; திரும்புவது?

ஆற்றில் தொழில் செய்வோர் எந்நாட்டவராயினும் அவர்க்குப் பொதுவான விதி ஒன்று உண்டு. போகும் வழியை ஆறே தந்துவிடும். திரும்பும் வழியை நாம்தாம் தேட வேண்டும்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டசு, பாபிலோன் நகருக்கு வந்த வட்டப் படகுகளைப் பற்றிச் சொல்லுகிறார். வணிகர் தோல் போர்த்த அப்படகுகளில் சரக்கை ஏற்றி, கழுதை ஒன்றையும் உடன் ஏற்றிக்கொண்டு, நீரோட்டத்தோடு இறங்கி வருவர். சரக்கு விற்றதும் படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதையின் முதுகில் ஏற்றி, தரைவழியே ஊர் திரும்புவர். ஏனெனில் அந்த நீரோட்டத்தை எதிர்த்துப் படகைச் செலுத்த இயலாது. புறப்படும்போதே திரும்புவதற்குரிய கழுதையையும் கணக்கில் சேர்த்த அவ்வணிகரின் அறிவை என்னென்பது!

அமெரிக்க நாட்டின் ஓரிகன் மாநிலத்தில், மெக்கன்சி, ரோக் முதலிய விரைந்தோடும் ஆறுகளில் தூண்டிலிட்டு மீன் பிடிப்போருக்கென 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனிவகைப் படகு ஒன்று உருவாயிற்று. 'டிரிஃப்ட் போட்' என்பது அதன் பெயர். நீரோட்டத்தோடு ஒழுகிச் செல்லும் படகு என்பது பொருள். தட்டையான அடிப்பகுதியும் மேல்நோக்கி வளைந்த இரு முனைகளும் உடையது. துடுப்பு வலிப்பவர் ஆறு ஓடும் திசையை நோக்கி அமர்ந்து, எதிர்த் திசையில் வலித்துப் படகின் வேகத்தைத் தணித்துப் பாறைகளுக்கு விலகிச் செல்வார். ஆயினும் புறப்பட்ட இடத்திற்கு அப்படகில் மீளுதல் கூடாது. கீழ்த்துறையில் மோட்டார் வண்டியும் படகை ஏற்றும் இழுவண்டியும் காத்திருக்க வேண்டும். எனவே அங்கே ஒருவர் படகு வாங்க எண்ணினால் படகின் விலையோடு முடிவதில்லை. இழுவண்டி, வண்டியை நகர்த்தித் தருவதற்கு ஓர் ஆள், மழைக்கும் வெயிலுக்கும் படகை நிறுத்த ஓர் இடம் எல்லாம் சேர்ந்ததே மெய்யான விலை.

நம் ஒகேனக்கல் பரிசல்காரரும் இவ்விதியை அறிந்தவரே. ஓட்டத்தோடு இறங்கியவர், பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை வழியே மேலேறிவிடுகிறார். அவருடைய கழுதையும் இழுவண்டியும் அவருடைய கழுத்தேயாகும்!

மேட்டூரின் இயல்பு

ஒகேனக்கலைத் தாண்டிய காவிரி, மேட்டூரில் அணையால் தடுக்கப்பட்டுப் பெரு நீர்ப்பரப்பாக விரிகிறது. அங்கே ஓட்டம் இல்லை, அகலம் உண்டு. ஆகவே, 'ஆற்றுக்குத்தான் பரிசல். ஏரிக்கு இயந்திரப் படகே ஏற்றது' என்று சிலர் வாதிடுவர். இவ்வாதத்தைச் சற்று ஆராய்வோம்.

1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணை அது. அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. கொள்ளும் நீர் 93.47 டி.எம்.சி. மரபுப்படி சூன் 12-ஆம் நாள் பாசனத்திற்குத் திறந்து, சனவரி 28-ஆம் நாள் மூடுவர். நீர் வந்தால் ஏரி நிறையும். பாசனத்திற்குச் சென்றால் குறையும். 2017-ஆம் ஆண்டுக் கோடையில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்தது. அடுத்த ஆண்டு சூலையிலோ 120 அடியையும் எட்டியது. நீர் வெகுவாக இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பகுதியில், அணை கட்டப்பட்டபோது மூழ்கிய பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும், சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் வெளியே தெரிவதை நம்மில் பலர் நேரிற் கண்டிருக்கிறோம். ஊராரெல்லாம் அதனைக் காணத் திரண்டு செல்கின்றனர். மீனவனுக்கோ அந்தக் கோபுரம் வேறொரு செய்தியைச் சொல்லுகிறது: 'கரை உன்னைவிட்டு விலகிவிட்டது, நடந்து வா' என்பதே அது.

நீர் இறங்கினால் நேற்று படகு கட்டிய துறை இன்று சேறாகிவிடும். பரிசல்காரர் பரிசலைச் சுமந்துகொண்டு நீர் இருக்கும் இடத்திற்கு நடப்பார். இயந்திரம் பொருத்திய படகையோ நான்கைந்து பேர் கூடியன்றிச் சேற்றின்மேல் இழுக்க முடியாது. விட்டுவிட்டு வந்தால் இயந்திரத்திற்குக் காவல் யார்? ஆக, ஏரியிலும் திரும்பும் வழிக் கேள்வி நம்மை விடுவதில்லை. ஆற்றில் அது நீரோட்டத்தால் வருகிறது. ஏரியில் நீர்மட்டத்தால் வருகிறது. வேறுபாடு அவ்வளவே.

ஓர் இல்லத்தின் கணக்கு

நீர்த்தேக்க ஓரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவர், மனைவியோடும் வயது முதிர்ந்த தந்தையோடும் இப்பொருள் பற்றிப் பேச வந்தார். மணமாகி நான்கு ஆண்டுகள். பெண் குழந்தை ஒன்று. "சாமி, பரிசலை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குத் தள்ளுறது? ஒரு லட்சம் கடன் வாங்கினா மிச்சத்தை நகையை வச்சுச் சமாளிச்சிடுவேன்" என்றார். "நான் பரிசல்லதான் நாலு பிள்ளைகளைக் கரையேத்தினேன்" என்றார் தந்தை. மருமகள் ஒன்றும் பேசவில்லை.

தாளை எடுத்துக் கணக்கெழுதச் சொன்னேன். ஒரு லட்சம் ரூபாய். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. மாத வட்டி மட்டும் 2,000 ரூபாய்; ஆண்டுக்கு 24,000 ரூபாய். நாளொன்றுக்கு 2 லிட்டர் எரிபொருள் எனினும், மாதம் 25 நாள்களுக்கு 50 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 5,000 ரூபாய். முதலை நான்கு ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 2,080 ரூபாய். கூட்டினால் 9,080 ரூபாய். அதாவது, தொழிலுக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் முதல் 360 ரூபாய் படகுக்கே உரியது. அதற்கு மேற்பட்டதே அடுப்புக்கு உரியது. நகைக்கடனின் வட்டியும், இயந்திரப் பழுதும், வலை கிழிந்தால் ஆகும் செலவும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

"அதிக தூரம் போனா அதிக மீன் கிடைக்கும், சாமி" என்றார் இளைஞர். கிடைக்கலாம். கட்லாவும் ரோகும் வாளையும் வலைக்கு வரும் நாள்கள் உண்டு. கையளவு ஜிலேபி மட்டுமே வரும் நாள்களும் உண்டு. வட்டிக்கோ அவ்வேறுபாடு இல்லை.

அப்பொழுதுதான் அதுவரை பேசாதிருந்த அப்பெண் கேட்டாள்: "தண்ணி இறங்குற மாசத்துல அந்தப் படகை யாரு தூக்குவாங்க? அந்த மாசம் கடன்காரருக்கு என்ன சொல்லுவோம்?"

அறையில் சற்று நேரம் அமைதி நிலவியது. வீட்டுச் செலவை நாள்தோறும் எண்ணி நடத்துபவளுக்கே வற்றும் காலத்தின் நினைவு முதலில் வருகிறது. குடும்பத்தின் பெரிய முடிவுகளில் மனைவியைக் கலந்துகொள்ள வேண்டும் என்று கூறுவது வெறும் மரியாதைக்காக அன்று. அவளிடம் இருக்கும் கணக்கு கணவனிடம் இல்லை என்பதற்காகவே.

அவர்கள் நகையை வைக்கவில்லை. கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு ஃபைபர் பரிசல் ஒன்றும் புதிய வலைகளும் வாங்கினர். தார் பூசும் வேலையும் மூங்கில் உளுக்கும் கவலையும் தீர்ந்தன. அவ்விளைஞர் செல்வந்தராகிவிடவில்லை, தோள் வலியும் நீங்கவில்லை. ஆனால் பிடித்த மீனை விலை பேசி விற்கும் உரிமை அவர் கையிலேயே இருக்கிறது. மீன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றுப் படகு வாங்கியோர் பலர் அந்த உரிமையைத்தான் முதலில் இழக்கின்றனர். கடன் தீரும்வரை மீன் அவருக்கே. விலையும் அவர் சொன்னதே. படகு உங்கள் பெயரில் இருக்கும். உழைப்போ அவர் பெயரில் இருக்கும்!

இயந்திரப் படகு தீதா?

தீது என்று நான் கூறவில்லை. நீர்ப்பரப்பு ஆண்டு முழுதும் வற்றாதிருந்து, துறையும் காவலும் உள்ள இடத்தில் அது நற்கருவியே. அண்ணன் தம்பிகள் இருவரோ, அயலார் நால்வரோ கூடிப் பங்கு போட்டு வாங்கினால் சுமை பகிரப்படும். இழுப்பதற்கும் ஆள் இருக்கும். பங்கின் அளவையும், பழுது பார்க்கும் பொறுப்பையும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளல் நலம். உறவு கெடாமல் இருப்பதற்கு எழுத்தைப்போல் உதவுவது வேறில்லை.

கடன் வாங்கியே ஆக வேண்டுமெனில், கந்துவட்டிக்காரரின் வாயிலுக்குச் செல்லுமுன் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தையும் மீன்வளத் துறை அலுவலகத்தையும் நாடுங்கள். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்சிய சம்பதா திட்டத்தில், பயனாளிக்குரிய இனங்களுக்குப் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டது. 2018-19 முதல் கிசான் கடன் அட்டை மீனவர்க்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அது அன்றாடத் தொழிற்செலவுக்கான கடனேயன்றிப் படகு வாங்குவதற்கு உரியதன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் அலைந்தோர் உண்டு. எந்த உதவி இப்போது நடப்பில் உள்ளது, மீன்பிடி உரிமத்திற்கு என்ன விதி என்பவற்றை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.

உயிரே முதல்

எப்படகு வாங்கினும், அதற்கென ஒதுக்கிய தொகையிலிருந்தே ஒவ்வோர் ஆளுக்கும் உயிர்காப்பு அங்கி ஒன்று வாங்கிவிடுக. 'மிச்சம் இருந்தால் பிறகு வாங்கலாம்' என்பது ஆபத்தான பேச்சு. ஆடிக்காற்று வீசும் நாளில் நீர்த்தேக்கம் கடல்போல் அலையெறியும். கருநாடக அணைகளிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டால் காவிரி சில மணி நேரத்தில் பெருகும். ஒகேனக்கலில் வெள்ளக் காலத்தில் பரிசல் ஓட்டத் தடை விதிப்பது இதனாலேயே. அத்தடையை மீறிப் பிடித்த மீன் எவ்வளவு விலை போனாலும் நட்டமே. தனியே செல்லாதீர், மது அருந்திச் செல்லாதீர், செல்லும் இடத்தை வீட்டில் சொல்லாமல் செல்லாதீர். கடன் தவணை நெருக்கும்போதுதான் காற்றையும் பாராமல் நீரில் இறங்கத் துணிகிறோம் என்பதையும் நினைவிற் கொள்க.

முடிவாக, படகு வாங்க எண்ணும் குடும்பத்தார் ஒரு மாலை நேரத்தில் செபம் முடிந்தபின் ஒன்றாக அமர்ந்து நான்கு கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வார்களாக. நம் நீருக்கு இப்படகு ஏற்றதா? நீர் வற்றும் மாதங்களில் இதன் செலவை யார் தாங்குவார்? மீனுக்கு விலை சொல்லும் உரிமை நம்மிடம் நிற்குமா? தொழிலுக்குப் போனவர் வீடு திரும்புவதற்கு வேண்டிய காப்பு உண்டா? கோபுரம் கட்ட முற்படுகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடும் உவமையை ஆண்டவர் கூறியது இத்தகைய குடும்பங்களுக்காகவும்தான். நான்கிற்கும் மனமொத்த விடை கிடைத்தால் தயங்காது வாங்குங்கள். மந்திரிக்க உங்கள் பங்குக் குரு மகிழ்வோடு வருவார். ஒன்றிற்கேனும் விடை கிடைக்காவிடில், இன்னும் ஓராண்டு பழைய பரிசலிலேயே செல்லுங்கள். ஆற்றில் அடுத்த ஆண்டும் நீர் வரும்.